கிணற்றில் விழுந்த மகள்

தியாகலிங்கம் புன்னாலைக்கட்டுவனில் வெங்காயமும் மிளகாயும் பயிர் செய்தவர். விடியத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைப்பு, பின்னேரம் எழுத்து. வேலிச் சண்டைகளையும் விலை விழுந்து அழுகிய வெங்காயத்தையும் வைத்து அவர் எழுதிய இரண்டு நாவல்கள் யாழ்ப்பாணத்தில் அச்சாகின.

மூத்த மகள் துர்க்கா எண்பத்தாறில் தான் விரும்பியவனோடு கனடாவுக்குப் போய்விட்டாள். அன்றோடு அவர் அவளுடன் பேச்சை நிறுத்தினார். தொண்ணூற்றைந்தில் இடம்பெயர்ந்த இடத்தில் மனைவி காய்ச்சலில் போனாள். தனித்துப்போன தகப்பனைத் துர்க்காதான் ரொறன்ரோவுக்கு எடுப்பித்தாள். விமான நிலையத்தில் இருவரும் அழுதார்கள். பழையதை யாரும் கிளறவில்லை.

ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் இருந்த மகள் வீட்டில் அவருக்குக் கண் மங்கி, மூன்றாவது நாவல் பாதியில் நின்றது.

"நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதிறன்" என்றாள் துர்க்கா. பேக்கரி வேலை முடிந்து வந்து சாப்பாட்டு மேசையில் எழுதுவாள். மகள் பக்கத்திலிருந்து எழுதும் அந்த ருசியில், கதை எங்கே போய் நிற்கப்போகிறது என்பதையே அவர் மறந்துவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த இடம் வந்தது. தோட்டக்காரனின் மூத்த மகள், இருபத்திரண்டு வயதுக்காரி, கிணற்றில் விழுந்து சாகிறாள். சொல்லிக்கொண்டே போனவர், மகள் எழுதவில்லை என்பதைப் பிறகுதான் உணர்ந்தார்.

"நான் வீட்டைவிட்டு வெளிக்கிடேக்கையும் எனக்கு இருபத்திரண்டு அப்பா. உது நான்தானே?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஓம் பிள்ளை. சனத்துக்கு முன்னாலை என்னாலை அழேலாமல் கிடந்தது. கதையிலை வாற தகப்பனாவது வாய்விட்டு அழட்டும் எண்டு நினைச்சன்."

"உயிரோடை இருந்த பிள்ளையோடை ஒருக்காக் கதைச்சிருக்கலாமே."

அவர் கேட்டார்: "இஞ்சை வந்து என்ன பாடு பட்டனீ?"

கனடாவின் முதல் மாரியிலேயே, அந்தப் பனிக்குளிரில், குழந்தை செத்துப் பிறந்ததை அவள் சொன்னாள். "அம்மாவுக்கு ரெலிபோனிலை சொன்னனான். உங்களுக்குச் சொல்லவேண்டாம் எண்டது நான்தான்."

அந்த நாட்களில் மனைவி அடுப்படியில் கண்ணைத் துடைத்தபடி நின்றதை அவர் அடுப்புப் புகையால் என்று எண்ணியிருந்தார்.

"கிணத்துக் கதையைக் கிழிச்சுப் போடு."

அதன்பிறகு கதையை வேறுவிதமாகச் சொல்ல இரண்டு மாரிகள் முயன்றார். மகள் வீட்டைவிட்டுப் போகும் இடம்வரை கதை வந்தது. அதற்கு மேல் அந்தத் தகப்பன் என்ன செய்வான் என்று அவரால் சொல்ல முடியவில்லை. தொண்ணூற்றொன்பது மாசியில் அவர் கண்மூடியபோதும் நாவல் அந்த இடத்திலேயே நின்றது.