பின்சீட்டிலிருந்து ஒரு குரல்

டிரைவிங் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த அந்த அக்காவுக்கு ஊர் வைத்த பேர் ‘ஹாரன்’. வாயைத் திறந்தால் நாற்சந்தியே ஒதுங்கி வழிவிடும். அவளுக்கு மார்பில் வந்த புற்றுநோய், ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து சில வருஷம் கழித்து, முதுகெலும்பில் மறுபடி தலைகாட்டியது.

டாக்டர் அவள் தம்பியை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினார். திரும்பி வந்தவன் முகத்தில் ஈயாடவில்லை.

“ஒண்ணுமில்லக்கா, வாயுப்பிடிப்புதானாம்.”

“வாயுவுக்கா உன் கண்ணு செவந்திருக்கு?”

கதவைத் தள்ளிக்கொண்டு போய் டாக்டர் எதிரில் உட்கார்ந்தாள். “உடம்பு என்னோடது. என்கிட்டச் சொல்லுங்க.”

அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். இனி குணமாக்க முடியாது; மருந்தால் கொஞ்ச காலம் அடக்கி வைக்கலாம். எவ்வளவு காலம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வலியோடு கிடக்க வேண்டியதில்லை, அதற்கென்றே கீழ்த்தளத்தில் ஒரு பிரிவு இருக்கிறது.

வீட்டில் சித்தப்பா ஒரு வைத்தியரைப் பிடித்து வைத்திருந்தார். “வேரோட பிடுங்கிடுவாராம்மா!”

“பிடுங்குவாரு, நம்ம வீட்டுக் கதவு நிலையை. போங்க சித்தப்பா.”

கீழ்த்தளத்து நர்ஸ் மார்ஃபின் கொடுத்தபோது தம்பி பதறினான். “அது கடைசி நேரத்து மருந்தாச்சே!”

“வலிக்குத்தான் மருந்து. வலி வந்தப்பவே குடுக்கணும்” என்றார் நர்ஸ். மலச்சிக்கல் வராமலிருக்க இன்னொரு மாத்திரையும் சேர்த்துத் தந்தார். ரொம்ப நாளைக்கப்புறம் அக்கா அன்று புரண்டு படுத்துத் தூங்கினாள்.

இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னதுதான் அவளைச் சுட்டது. மறுநாள் தம்பி பெண்டாட்டியைக் கூப்பிட்டாள். “நீ கத்துக்கோ. நான் பார்க்கணும்.”

“ஐயோ அண்ணி, எனக்குக் கை நடுங்குது!”

“நடுங்கட்டும். கால் மட்டும் பிரேக்ல இருக்கட்டும்.”

பள்ளியின் இன்னொரு டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க, ஹாரன் பின்சீட்டில் தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து இருவரையும் வறுத்தெடுத்தாள். மழைக்காலம் வருவதற்குள் அந்தப் பெண் லைசென்ஸ் வாங்கி, அண்ணியைத் தானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

எழுந்து உட்கார முடியாமல் போனபிறகு நர்ஸ் வீட்டுக்கே வந்தார். “ஐசியு, குழாய் எதுவும் வேணாம்” என்று அக்கா எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

மூச்சு இழுத்த அன்று காலை, மனசு கேட்காமல் சித்தப்பா ஆம்புலன்ஸை வரவழைத்துவிட்டார். தம்பி பெண்டாட்டி வாசலில் குறுக்கே நின்றாள். “அண்ணி வரமாட்டாங்க. வண்டியைத் திருப்புங்க.” பிறகு நர்ஸுக்குப் போன் போட்டாள். மூச்சுத்திணறலுக்கு அவர் வந்து மருந்து கொடுத்தார்.

மதியம், தன் கட்டிலிலேயே, முகம் சுளிக்காமல் அக்கா போய்ச் சேர்ந்தாள்.