முன் இடது டயர்

எங்கள் காரின் முன் இடது டயரில் காற்று இறங்கத் தொடங்கியது, என் கணவருக்கு எலும்பில் நோய் என்று தெரிந்த பிறகுதான். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அந்த மாதங்களை நினைத்தால் இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன. பிரித்து எடுக்க எனக்குத் தெரியவில்லை.

சிதறாலுக்குப் பக்கத்தில் ரப்பர் மரங்களுக்கு நடுவே எங்கள் வீடு. ஆஸ்பத்திரி திருவனந்தபுரத்தில். பெரிய நோய் என்றால் எங்கள் பக்கத்து ஜனங்கள் கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டித்தான் போவார்கள். அதுவரை கார் ஓட்டியது அவர். மகன் வளைகுடாவில் இருக்கிறான். அவருக்கு பிரேக்கை மிதிக்கக் காலில் பலமில்லாமல் போனதும் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவள், எல் போர்டு மாட்டிக்கொண்டு மார்த்தாண்டம் பாலத்துக்கு அடியில் லாரிக்காரர்களிடம் வசவு வாங்கினேன். அவர் பக்கத்து இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வலியாலா, நான் ஓட்டுவதைப் பார்க்கப் பயந்தா என்று எனக்குத் தெரியாது. நான் ஓட்டுவதைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அந்த டயர் சரியாக அவர் காலுக்குக் கீழே இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் காலையில் முதல் வேலையாக அதைக் காலால் ஒரு உதை உதைத்துப் பார்ப்பேன். மெத்தென்று இருக்கும். வழியில் பெட்ரோல் பங்கில் காற்றடிப்போம். அடுத்த தடவை கிளம்பும்போது மறுபடியும் மெத்தென்று இருக்கும்.

மார்த்தாண்டத்தில் எங்களுக்குத் தெரிந்த டயர் கடைக்காரர் ஒருவர் உண்டு. தண்ணீரில் முக்கிப் பார்த்தார். ஆணி எதுவும் இல்லை. டயரின் ஓரத்தில் பொடி வெடிப்பு, அதன் வழியாகக் காற்று கசிகிறது என்றார். "ஒட்டித் தரலாம் டீச்சர். கொஞ்ச நாள் நிக்கும். மாத்துனா அஞ்சு வருசத்துக்கு திரும்பிப் பாக்காண்டாம். ரெண்டுல எதுண்ணு நீங்கதான் சொல்லணும்." ஆஸ்பத்திரியிலும் அந்த வாரம் ஏறக்குறைய இதே மாதிரிதான் சொல்லியிருந்தார்கள். இதைச் செய்யலாம், அதையும் செய்யலாம், முடிவு உங்களுடையது. முடிவை நம் தலையில் கட்டிவிட்டு எல்லாரும் கையைத் துடைத்துக்கொள்கிறார்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"புதுசு போடுங்க," என்றேன்.

என் கணவர் கார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "ஒட்டு போரும். இனி எத்தன தடவ போவப் போறோம்?"

"அத டாக்டர் சொல்லட்டு. நீங்க என்னத்துக்கு சொல்லுதிய?"

"எனக்குப் பொறவு வண்டிய விக்கத்தான செய்வ? புது டயருண்ணு எவனாவது கூடத் தருவானா?"

கடைக்காரர் முன்னால் வைத்து இப்படிப் பேசுகிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒட்டித்தான் போட்டோம்.

உண்மையில் எனக்கு டயரைப் பற்றிக் கவலையில்லை. கணக்கு டீச்சர் போடக்கூடாத ஒரு கணக்கை நான் மனதுக்குள் போட்டு வைத்திருந்தேன். புது டயருக்கு ஐந்து வருடம். அவர் சரி என்று சொல்லிவிட்டால், அந்த ஐந்து வருடத்துக்கும் சரி என்று சொன்ன மாதிரி. பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். தெரிந்தும் வழியில் கண்ட டயர் கடைகளையெல்லாம் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஒவ்வொரு கடை வாசலிலும் புது டயர்களைக் கறுப்புக் கறுப்பாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

ஒட்டு நிற்கவில்லை. வெடிப்பு இன்னோர் இடத்தில் திறந்துகொண்டது. மறுபடியும் நான் புது டயர் பேச்சை எடுத்தபோது அவர் சொன்னார்: "பாலு இருக்கும்போ டயருக்கு என்ன கேடு?"

ரப்பர் பாலைத்தான் சொன்னார். கீரிப்பாறை எஸ்டேட்டில் ஃபீல்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். எங்கள் ஊரில் ரப்பர்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. செருப்பு கிழிந்தாலும் வாளி ஓட்டையானாலும் கொஞ்சம் பாலை எடுத்துத் தடவிவிடுவார்கள். உலகத்தில் ரப்பரால் செய்த எதற்கும் அந்தப் பால் போதும் என்கிற நினைப்பு. மறுநாள் காலையில் பால் வெட்ட வந்த ஆளிடம் ஒரு சொம்பு பால் வாங்கி, உறையாமல் இருக்க அமோனியா கலந்தார். முற்றத்தில் டயருக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வாயில் புண் வந்து சாப்பிட முடியாமல் கிடந்தபோது கஞ்சி செலுத்த ஆஸ்பத்திரியில் தந்த பெரிய சிரிஞ்ச் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் பாலை இழுத்து இழுத்து வால்வு வழியாக டயருக்குள் ஏற்றினார். பாதி வெளியே சிந்தியது. நான் உதவப் போனால், "நீ மாறி நில்லு," என்று அதட்டினார். அந்த அதட்டலைக் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது. பிறகு நான் பம்ப் அடித்தேன். பால் டயருக்குள் எல்லா இடத்திலும் பரவ வேண்டும் என்று காரை முற்றத்தில் முன்னும் பின்னும் ஓட்டச் சொன்னார். நாற்காலியில் இருந்தபடியே போலீஸ்காரர் மாதிரி கை காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கெட்ட காலம் முழுவதிலும் நான் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

காற்று இறங்காமல் நின்றது. அடுத்த பயணத்தன்று உதைத்துப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. "எப்பிடி?" என்றார். "நல்லாத்தான் இருக்கு," என்று ஒத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு புது டயர் பேச்சை நான் எடுக்கவில்லை.

அதற்கடுத்த பயணத்தில் நெய்யாற்றின்கரை தாண்டி வேகம் எடுத்தபோது ஸ்டீயரிங் என் கையில் துடித்தது. காரின் முன்பக்கமே குலுங்கியது. வேகத்தைக் குறைத்தால் நின்றது. கூட்டினால் மறுபடியும் குலுக்கல். டயருக்குள் என்னவோ ஆகிவிட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவருக்கும் புரியாமல் இருக்காது. கதவுக்கு மேலே இருக்கும் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எலும்பெல்லாம் நோயாக இருக்கிற மனிதருக்கு அந்தக் குலுக்கல் எப்படி இருந்திருக்கும் என்பதை நினைக்க இன்றும் எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவர் கடைசியாகக் கையால் செய்து முடித்த வேலை அது. அது கெட்டுப்போயிற்று என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆமை வேகத்தில் ஓட்டினேன். பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள். இப்படியே இன்னும் சில தடவை போய் வந்தோம்.

அப்புறம் ஒரு நாள் டாக்டர், இனி இவ்வளவு தூரம் அலைய வேண்டாம், வீட்டில் வைத்து வலிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் போதும் என்றார். நல்ல மனுஷன், மலையாளத்தில் மெதுவாக, என் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு மலையாளம் புரியும். அன்றைக்கு மட்டும் புரியாமல் இருந்திருக்கலாம்.

திரும்பி வரும்போதும் ஆமை வேகத்தில்தான் ஓட்டினேன். மார்த்தாண்டம் வந்ததும், "டயர் கடையில நிறுத்து," என்றார்.

நிறுத்தினேன். கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றி டயரை விளிம்பிலிருந்து பிரித்தார். உள்ளே இருந்து வெள்ளையும் பழுப்புமாக ஒரு கட்டி வெளியே விழுந்தது. கார் நின்ற இடத்தில், அமோனியாவையும் மீறிப் பால் அடியில் தேங்கி ஒரே பக்கமாக உறைந்து சக்கரத்தைக் குலுக்கியிருக்கிறது. உறைந்த ரப்பர் பாலின் அந்த அழுகல் நாற்றம் கடை முழுக்கப் பரவியது. பாலில் ஆசிட் ஊற்றி உறையவைத்து ரப்பர் ஷீட் அடிக்கும் எங்கள் வீட்டுப் பின்புறத்து நாற்றமேதான்.

"சாரே, டயருக்குள்ள ஷீட் அடிக்கப் பாத்தியளா?" என்று கடைக்காரர் சிரித்தார். அவருக்கு என்ன தெரியும்? என் கணவரும் சிரித்தார். "ஆசிட் ஊத்த மறந்துட்டேன். இல்லேண்ணா நல்ல ஷீட்டு கெடைச்சிருக்கும்," என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "புதுசு போடும்," என்றார்.

நான் வெடித்துவிட்டேன். "வேண்டாம். ஒட்டினா போரும். இனி எங்க போவப் போறோம்?"

அவர் சொன்ன அதே வார்த்தைகளை நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது பாதியிலேயே எனக்குத் தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்கு இல்லட்டி, உனக்காக்கும்," என்றார் அவர். "வண்டிய விக்காண்டாம். பள்ளிக்கொடத்துக்குப் போ. சர்ச்சுக்குப் போ. மவன் வரும்போ ஏர்போர்ட்டுல போய் கூட்டிட்டு வா. பஸ்ஸுல கெடந்து இடிபடாத." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "நல்லாத்தான் ஓட்டுத."

கற்றுக்கொண்ட நாளிலிருந்து நான் கேட்க ஆசைப்பட்டது அந்த ஒரு வார்த்தையைத்தான். அன்றைக்குக் கேட்டபோது, அதை அவர் வாயிலேயே திருப்பித் திணித்துவிட வேண்டும் போல இருந்தது.

புது டயர் போட்டார்கள். புது டயரின் மேல் முடி மாதிரிப் பொடிப் பொடியாக ரப்பர் நீட்டிக்கொண்டிருக்குமே, அதில் இரண்டை விரலால் கிள்ளி உருட்டிப் பார்த்தார். "நல்ல ரப்பர்," என்றார். அந்த டயரில் அவர் வந்தது மார்த்தாண்டத்திலிருந்து எங்கள் வீடு வரைக்கும் மட்டுமே. குலுக்கலே இல்லாமல் வந்தோம். மறுபடியும் அவர் காரில் ஏறவில்லை.

சொன்னபடி நான் காரை விற்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போகிறேன், சர்ச்சுக்கும் அதில்தான். காலையில் கிளம்பும்போது பழக்கதோஷத்தில் அந்த டயரை ஒரு உதை உதைக்கிறேன். போட்ட நாளிலிருந்து அதில் ஒரு பொட்டுக் காற்று குறையவில்லை. ஒரு நாளாவது இறங்கித் தொலைக்கக் கூடாதா என்று மறுபடியும் உதைக்கிறேன்.