குழாயடிக்குப் போன கேள்வித்தாள்

"கேமிதி அச்ச?" என்று ஸ்கூட்டி நிற்பதற்கு முன்பே குரல் கொடுத்துவிடுவார் பொன்னுத்தங்கம். ஒடியாவில் 'எப்படி இருக்கீங்க' என்று அர்த்தம். அச்சகங்களுக்கும் பட்டாசு ஆலைகளுக்கும் வேலைக்கு வந்த ஒடிசாக் குடும்பங்கள் விஸ்வநத்தத்தில் லைன் வீடுகளில் இருக்கின்றன. கிராமச் செவிலியரான பொன்னுத்தங்கத்தின் ஒடியாவைக் கேட்டால் அங்குள்ள நாய்கூடத் தலையைச் சாய்த்துப் பார்க்கும். அவருக்குக் கவலையில்லை. "தப்பாப் பேசுனாத்தான திருத்துவாக? அப்பத்தான பேச்சு வளரும்?"

பிள்ளை பெற்ற பெண்களுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று அறிய ஒரு கேள்வித்தாள் உண்டு. பைண்டிங் வேலை பார்க்கும், தமிழ் பழகிய ஒடிசாப் பெண் ஜுனுவை உட்காரவைத்து அதை ஒடியாவுக்குக் கொண்டுவந்தார் பொன்னுத்தங்கம். முதல் கேள்வி: 'வாய்விட்டுச் சிரிக்க முடிகிறதா?' வாசல் வாசலாக நின்று கேட்டார். ஒருத்தி பாக்கியில்லாமல் 'இல்லை' என்று தலையாட்டினார்கள்.

தாள்களைப் புரட்டிய டாக்டர் பிரீத்தி, "என்னக்கா, லைன் மொத்தத்துக்குமா மனச்சோர்வு? உங்க ஒடியாவக் கேட்டு வந்ததா?" என்றார்.

விஷயம் தெரிந்ததும் ஜுனு தலையில் அடித்துக்கொண்டாள். "வாசல்ல வச்சா கேட்டீக? பக்கத்து ரூம்ல புருசனோட அண்ணன் இருப்பாக. எங்க ஊரு வழக்கப்படி அவுக கண்ணுல எங்க முகமே படக்கூடாது, காதுல குரலே விழக்கூடாது. இதுல சிரிப்பு வேறயா!"

மறுநாள் கேள்வித்தாள், ஆண்கள் எட்டிப் பார்க்காத குழாயடிக்குப் போனது. கேள்வியும் மாறியது: 'பெண்கள் மட்டும் இருக்கும்போது சிரிக்கிறீர்களா?' கேட்டு முடிப்பதற்குள் குடங்களைத் தட்டிக்கொண்டு சிரித்தார்கள்.

கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்த சுகாந்தி மட்டும் சிரிக்கவில்லை. பொன்னுத்தங்கம் பேனாவை மூடிவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அவள் ஒடியாவில் சொன்னாள்: "பிள்ளை அழுதா, யார் வீட்டுலயோ அழுகுற மாதிரி இருக்கு."

அன்றைக்கே அவளைப் பிரீத்தியிடம் கூட்டிப்போனார். "வாசல்லயே நின்னிருந்தா இவள விட்டிருப்பனே" என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டார்.

மருந்து, வாராவாரம் பேச்சு, பிள்ளையைத் தூக்கப் பழகிய கணவன் என்று சில மாதங்கள் ஓடின. போன வாரம் தடுப்பூசி போட வந்த பொன்னுத்தங்கம் பிள்ளையை ஒடியாவில் கொஞ்ச, சுகாந்தி குலுங்கிச் சிரித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து, ஷிப்ட் முடிந்து கணவனின் அண்ணன் சந்துக்குள் திரும்பினார். சுகாந்தியின் கை முக்காட்டுக்குப் போனது. சிரிப்பு பாதியில் நின்றது.

"நீ சிரி தாயி" என்று, தன் கறுப்புக் குடையைச் சுகாந்திக்கும் அந்த அண்ணனுக்கும் நடுவே அகல விரித்துப் பிடித்தார் பொன்னுத்தங்கம்.