கணையத்துக்கு ஒரு நிவேதனம்

கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்த புதிதில், எழுபதுகளின் தொடக்கத்தில், என் கணவர் ஒரு நாள் காலையிலேயே குளித்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு நின்றார். கலெக்டர் ஆபீசில் ஒரு நிவேதனம் கொடுக்க வேண்டும், மத்தியானச் சாப்பாட்டுக்கு வர மாட்டேன் என்றார். நான் தென்காசிக்காரி. எங்கள் ஊரில் நிவேதனம் என்றால் சாமிக்குப் படைக்கிற சர்க்கரைப் பொங்கல். கலெக்டர் ஆபீசுக்குள் கோயில் இருக்கிறதாக்கும் என்று நினைத்து, எனக்கும் கொஞ்சம் எடுத்து வாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மலையாளத்தில் அதற்கு மனு என்று பொருள் என்பது சாயங்காலம்தான் தெரிந்தது. அவர் மறக்காமல் எனக்கென்று மனுவின் நகல் ஒன்றைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்.

அவர் மிளகும் சுக்கும் அடைத்து வைக்கிற ஒரு கிடங்கில் குமாஸ்தா. மட்டாஞ்சேரியிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் தமிழையும் மலையாள ராகத்தில்தான் பேசுவார். சம்பளம் குமாஸ்தா வேலைக்கு வந்தது. உயிரெல்லாம் யூனியன் செயலாளர் வேலையில் இருந்தது. படகுத்துறைக்குக் கூரை, குழாயில் தண்ணீர், ஓடையில் கொசு மருந்து என்று எதற்கும் மனு எழுதுவார். யூனியன் தலைவர் அதே கிடங்கில் சரக்கின் தரம் பார்ப்பவர், மலையாளி முஸ்லிம். அண்ணன் என்கிற முறையில் நான் அவரை இக்கா என்பேன். என் கணவர் எழுதுவார், இக்கா முழங்குவார். இக்காவின் தொண்டை அப்படி. தெருமுனையில் அவர் கோஷம் போட்டால் எங்கள் அடுக்களையில் தட்டு அதிரும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் என் கணவரின் கண் மஞ்சளானது. தெருவில் எல்லோரும் டாக்டரானார்கள். கீழாநெல்லியை மோரில் கொடு என்று ஒருத்தி, பாலில் கொடு என்று இன்னொருத்தி, மோரோ பாலோ தொட்டால் ஆளே போய்விடுவான் என்று மூன்றாமவள். அந்த மழையில் எங்கள் பக்கத்தில் ஒரு கீழாநெல்லிச் செடிகூடத் தப்பவில்லை. மஞ்சள் மட்டும் போகவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு வேறு. சட்டை தோளில் நிற்காத அளவுக்கு மெலிந்தார். கடைசியில் இக்கா எங்களைப் படகில் ஏற்றி எர்ணாகுளத்துக்கு ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்.

டாக்டர் பாங்க்ரியாஸ் என்றார். வாசல் பக்கம் நின்றிருந்த இக்காவுக்கு முதல் பாதிதான் காதில் விழுந்தது. மறுநாள் கிடங்கில் கேட்டவர்களிடமெல்லாம், சகாவுக்குப் பாங்கில் ஏதோ கோளாறு என்று கவலையோடு சொல்லியிருக்கிறார். சாயங்காலத்துக்குள் எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். பக்கத்து வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, போட்ட பணம் போனால் போகட்டும், அதற்காக மனுஷன் இப்படியா உருகுவது என்று அழுதாள். பாங்கு அல்ல, வயிற்றுக்குள் இருக்கிற ஓர் உறுப்பு என்று நான் சொன்னதை யாரும் நம்பவில்லை. அப்படி ஓர் உறுப்பை யாரும் கேள்விப்பட்டதே இல்லை.

அதற்குத் தமிழில் என்ன பெயர் என்று அவர் என்னிடம் கேட்டார். பள்ளிக்கூடத்தில் வயிற்றுப் படத்துக்குக் கீழே வாழைப்பூ மடல் மாதிரி ஒன்று வரைந்து கணையம் என்று எழுதியது ஞாபகம் வந்தது. அவர் அந்தப் பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார்.

"இத்தனை காலம் எனக்குள்ளயே ஒருத்தன் வேலை செய்திருக்கான் கேட்டியா. பேரு கூட விசாரிக்காம இருந்திருக்கேன்" என்றார். நிஜமாகவே வருத்தப்பட்டார்.

மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்து பார்த்தார்கள். கட்டியை எடுக்க முடியாத இடம். பித்தம் இறங்க வேறு வழி வைத்துத் தைத்துவிட்டார்கள். சர்ஜன் என்னையும் இக்காவையும் வெளியே கூப்பிட்டு, மாதக்கணக்கில்தான் பேச முடியும், வருஷக்கணக்கில் அல்ல என்று சொன்னார். இக்கா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். ஆனால் என் கணவரிடம் எதையும் மறைக்க முடியாது. படுக்கைக்கு வந்த சர்ஜனைப் பிடித்து உட்காரவைத்து, ஒரு மாலை முழுக்க விசாரணை நடத்தினார்.

சர்க்கார் இதற்கு என்ன செய்கிறது என்று கேட்டார். வாய்ப் புற்றுக்கும் பெண்களுக்கு வருவதற்கும் முகாம் நடத்துகிறார்கள், அதையெல்லாம் சீக்கிரம் கண்டுபிடித்தால் காப்பாற்றலாம், இது இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கடைசியில்தான் முகம் காட்டும் என்றார் சர்ஜன். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குகிறார்களா என்றார் இவர். நம் பக்கத்தில் அப்படி எதுவும் தன் காதுக்கு வரவில்லை என்றார் சர்ஜன். இந்த நோய்க்காரர்கள் அடுத்த வருஷம் வந்து கேள்வி கேட்பதில்லை, அதனால் யாருக்கும் இது நினைவிலும் இருப்பதில்லை என்றும் சொன்னார்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். பைக்கு அடியில் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அரூர்ப் பாலம் தாண்டும்போது வாயைத் திறந்தார்.

"யூனியன் இல்லாத சீக்கு இது. அதான் ஒருத்தனும் திரும்பிப் பார்க்கல. இதுக்கு ஒரு நிவேதனம் கொடுக்கணும்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சாகக் கிடக்கிறவர் பேசுகிற பேச்சா இது. அழுகையும் வந்தது. ஆனால் சீக்கு வந்த பிறகு அவர் பழைய குரலில் பேசியது அன்றைக்குத்தான் என்பதால் தடுக்கவில்லை.

மஞ்சள் இறங்கியதும் அரிப்பு நின்றது, கொஞ்சம் பசியும் வந்தது. மீன் குழம்பு கேட்டுச் சாப்பிட்டார். அந்த நல்ல நாட்களில்தான் சர்க்காரின் புற்றுநோய் முகாம் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நடக்கப்போவதாகவும், சுகாதார மந்திரியே தொடங்கிவைக்க வருவதாகவும் தெரிந்தது. அவர் எழுத உட்கார்ந்தார். முகாமில் கணையத்தையும் சேர்க்க வேண்டும், இங்கேயே ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்க வேண்டும், எடுக்க முடியாத கட்டி என்று வீட்டுக்கு அனுப்புகிறவர்களை வலிக்கு மருந்தில்லாமல் அனுப்பக் கூடாது. இதுதான் மனுவின் சாரம்.

தொடக்க விழாவன்று மேடைப் படிக்கட்டில் இக்கா மந்திரியை வழிமறிக்க, இவர் மனுவை நீட்டினார். மந்திரி பாதி படித்துவிட்டு, எவ்வளவு சகாயம் வேண்டும் என்று மலையாளத்தில் அன்பாகக் கேட்டார்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் சார். இனி வரப்போறவங்களுக்காகக் கேக்குறேன்" என்றார் இவர். இதையும் மலையாளத்தில்தான் சொன்னார். "இந்த சீக்குக்காரங்க மந்திரியைப் பார்க்க வர்ற வரைக்கும் இருக்கிறதில்ல. நான் இப்போ கொஞ்சம் தெம்பா இருக்கேன். அதுனால வந்தேன்."

மந்திரி அவர் தோளில் கை வைத்தார். பிறகு மேடையேறிப் பேசினார். பேச்சின் நடுவில் என்ன தோன்றியதோ, நாளை முதல் இந்த முகாமில் கணையத்தையும் பரிசோதிப்பார்கள் என்று அறிவித்துவிட்டார். மேடையில் இருந்த டாக்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இக்கா போட்ட கோஷத்தில் மைக் தேவைப்படவில்லை.

மறுநாள் கிடங்குத் தொழிலாளிகள் மொத்தப் பேரும் வரிசையில் நின்றார்கள். கூட்டம் குறைவாகத் தெரிந்தால் சர்க்கார் அடுத்த முறை நிறுத்திவிடும் என்று இக்கா எல்லோரையும் திரட்டி, தானும் நடுவில் நின்றுகொண்டார். உள்ளே இருந்தது வயதில் சின்னவளான ஒரு பெண் டாக்டர். கணையத்தைப் பார்க்க அவளிடம் எந்தக் கருவியும் இல்லை, இரண்டு கைகள்தான் இருந்தன. ஒவ்வொருவரையும் பெஞ்சில் படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். பித்தம் அடைத்தால் வெளுக்குமாம், அதனால் மலம் என்ன நிறம் என்றும் கேட்டாள். கூச்சல் அதிகமாக இருந்ததால் உரக்கக் கேட்க வேண்டியிருந்தது. மூட்டை தூக்கி மார்பு அகன்ற ஆண்கள் எல்லாம் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். ஒருவர் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இன்னொருவர் திரும்பிப் பார்க்கிற பழக்கம் இல்லை என்றார்.

இக்காவின் முறை வந்தது. டாக்டர் இருமச் சொன்னாள். இருமினார். இது எவ்வளவு காலமாக இருக்கிறது என்று அடிவயிற்றைக் காட்டிக் கேட்டாள். கோஷம் போட்டுப் போட்டுத் தசை திரண்டிருக்கிறது என்றுதான் இக்கா அதுவரை எண்ணியிருக்கிறார். அது குடலிறக்கம். அந்த வாரமே அவருக்கு ஆபரேஷன். கணைய முகாமில் கண்டுபிடித்த ஒரே நோய் அதுதான்.

அன்று மாலை அந்த டாக்டர் எங்கள் வீட்டைத் தேடி வந்தாள், திட்டுவதற்காக. கையால் அமுக்கிக் கண்டுபிடிக்கிற நோயா இது, நாள் முழுக்க வாய்ப் புற்றுக்காரர்களைப் பார்க்க முடியாமல் போனது என்று வாசலில் நின்றே ஆரம்பித்தாள். உள்ளே தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் நிறுத்தினாள். வலி தொடங்கியிருந்த நேரம் அது. நான் சாயா போட்டுக் கொடுத்தேன். அவள் சொன்னதை எல்லாம் இவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்போ நான் கேட்ட முதல் ஆவசியமே தப்பு. திருத்திடலாம். வேற என்ன கேக்கலாம், நீங்களே சொல்லுங்க டாக்டரே" என்றார்.

அவள் யோசித்தாள். வலிக்கான ஊசியைக் கேளுங்கள் என்றாள். போதை மருந்துக்குப் புதிதாகக் கடுமையான சட்டம் வந்திருக்கிறது, அதனால் அந்த ஊசியைத் தொடவே ஆஸ்பத்திரிகள் பயப்படுகின்றன, நோயாளிகள்தான் அவதிப்படுகிறார்கள் என்றாள். அதற்குப் பிறகு மனு அவர்கள் இருவருடையதாயிற்று. அவர் படுத்துக்கொண்டே சொல்வார், அவள் எழுதுவாள், எழுதும்போதே கோபமான வார்த்தைகளை வெட்டுவாள். இவர் அவற்றைத் திரும்பச் சேர்க்கச் சொல்வார். சண்டை அடுக்களை வரைக்கும் கேட்கும். தன் பொறுப்பில் கையெழுத்துப் போட்டு வாங்கிய ஊசியோடு அவள் படகேறி வருவாள். அவர் உறங்கிய உறக்கம் எல்லாம் அவள் தந்ததுதான்.

திருவனந்தபுரத்திலிருந்து பதில் வந்தது. மனு பரிசீலனையில் இருக்கிறதாம். கைகழுவிவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அவர் மட்டும் ஃபைலுக்கு நம்பர் விழுந்துவிட்டது, இனி யாரும் அதைக் கொல்ல முடியாது என்று சந்தோஷப்பட்டார். பிறகு எங்கள் பக்கத்துச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் அந்த ஊசியை வைத்துக்கொள்ள அனுமதியும் வந்தது. அது மனுவாலா, டாக்டரின் நச்சரிப்பாலா, எனக்குத் தெரியாது. மந்திரியாலேயே இருக்கலாம். ஆராய்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, மழை விட்டிருந்த ஒரு காலையில், கஞ்சி ஆறட்டும் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். நான் விசிறிக்கொண்டிருந்தேன். ஆறியபோது அவர் இல்லை.

இரங்கல் கூட்டம் யூனியன் ஆபீசில் நடந்தது. முன்வரிசையில் எனக்கும் டாக்டருக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். இக்கா பேச எழுந்தார், குரல் வரவில்லை. பேச்சை விட்டுவிட்டு நேரே தீர்மானத்தைப் படித்தார். கணையப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு சர்க்கார் உடனே பணம் ஒதுக்க வேண்டும் என்று இருந்தது.

பின்னாலிருந்து ஒரு மூட்டைத் தொழிலாளி எழுந்து, தன் மாமா ஈரல் நோயில் போனவர், ஈரலை விட்டது ஏன் என்று திருத்தம் கொண்டுவந்தார். உடனே இன்னொருவர் சிறுநீரகத்தைச் சேர்க்கச் சொன்னார். நுரையீரலுக்காக இருவர் எழுந்தார்கள். எந்த உறுப்பு முதலில் வர வேண்டும் என்பதில் தகராறு முற்றி, ஓட்டெடுப்பு வரை போனது. கடைசியில் டாக்டரே எழுந்து, உள்ளுறுப்புகள் அனைத்துக்கும் என்று போட்டு, கணையத்தை மட்டும் முதலில் தனியாகச் சொல்லலாம் என்று சமரசம் செய்துவைத்தாள். எல்லோரும் கை தூக்கினார்கள். அழுதுகொண்டிருந்த நானும் தூக்கினேன். உறுப்பினர் அல்லாதவர் ஓட்டுப் போடக் கூடாது என்று யாரோ எழுந்து ஆட்சேபித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கையை மட்டும் இறக்கவில்லை.