சொல்லாமல் விட்ட மரத்தின் பெயர்

ஆப்பிளும் கறுவாப்பட்டையும் சேர்ந்து வேகும் வாசனை... மெல்பேர்னில் எனக்குக் கிடைத்த முதல் வேலையை நினைத்தால் அதுதான் முதலில் மூக்கில் வரும்.

கோல்ஃபீல்ட் பக்கம், யூத முதியவர்கள் தங்கும் ஒரு இல்லத்தின் சமையல் குசினி. நான் ஸ்டூடன்ட் விசாவில் வந்து நாலு மாதம். அங்கே வேலை செய்த சுகந்தி அக்காதான் என்னையும் பிடித்து உள்ளே விட்டவர்.

அந்தக் குசினியில் இறைச்சிக்கு ஒரு பக்கம், பாலுக்கு ஒரு பக்கம். சிவப்புப் பிடி அகப்பை இறைச்சிக்கு, நீலப் பிடி பாலுக்கு. ஒன்றோடு ஒன்று கலக்கவே கூடாது, அவர்களுடைய வேதச் சட்டம் அப்படி. மீன் வெட்டிய கத்தியைக் கழுவிவிட்டு அதிலேயே மாம்பழம் வெட்டும் வீட்டில் வளர்ந்தவளுக்கு இது மண்டையில் ஏற ஒரு மாதம் பிடித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை... பொழுது சாய்ந்தால் சபாத் என்ற அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கிவிடும், பிறகு அடுப்பு மூட்ட முடியாது. எல்லாரும் ஓட்டம். பரீட்சை எழுதிய களைப்பில் நான், பால் கஞ்சி கிண்டிய நீல அகப்பையோடு அப்படியே போய்க் கோழி சூப்பைக் கிண்டிவிட்டேன். போதாததற்கு, அகப்பையைப் பானைக்குள்ளேயே விட்டுவிட்டுக் கரட் வெட்டப் போய்விட்டேன்.

ஹானா கண்டுவிட்டார். சமையலில் சட்டம் பிசகாமல் பார்ப்பதுதான் அவருடைய வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்திருப்பார்.

"இது ஆர் வைச்சது?"

ஐந்து பேர் வரிசையாக நின்றோம். வேலை போனால் என் படிப்பும் போகும். பக்கத்தில் நின்ற சுகந்தி அக்கா வாய் அசையாமல், "பேசாம நில்லடி" என்றார்.

பேசாமல்தான் நின்றேன். ஹானா இரண்டாம் தரம் கேட்கவில்லை. பானை முழுவதையும் சிங்க்கில் ஊற்றச் சொன்னார். அன்று அந்தக் கிழவன் கிழவியெல்லாம் சூப் இல்லாமல் சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை நானே அவரிடம் போய் அழுதேன். வேதக்கார, கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை அல்லவா, வாயில் ஏவாள்தான் வந்தாள். "ஆப்பிளைத் திண்டுட்டு ஒளிச்சு நிண்ட ஏவாள் மாதிரி நானும்..." என்று ஏதோ உளறினேன்.

ஹானா சிரித்துவிட்டார். அவர் இங்கிலீஷில் சொன்னது எனக்குள் என் தமிழில்தான் இருக்கிறது.

"ஆப்பிள் எண்டு உமக்கு ஆர் சொன்னது? வேதத்தில பழம் எண்டு மட்டும்தான் கிடக்கு. எங்கட பழைய வேத குருமார், ரப்பிமார், இதுக்கு எவ்வளவு வாதாடியிருக்கினம் தெரியுமோ! ஒராள் முந்திரிகைக் கொடி, அதான் திராட்சை, எண்டார். ஒராள் அத்தி எண்டார். பிறகு மானம் மறைச்சது அத்தி இலைதானே, கெடுத்த மரமே உடுப்பும் குடுத்ததாம். இன்னொராள் கோதுமையாம்."

"கோதுமை மரமில்லையே?"

"அதுக்கும் பதில் வைச்சிருக்கினம். ஏதேனில கோதுமை கேதுரு மரம் உயரத்துக்கு வளர்ந்ததாம்!"

"அப்ப, உண்மையா எந்த மரம்?"

"கடவுள் சொல்லேல்ல. சொன்னா, போறவாற சனமெல்லாம் அதைக் காட்டி, இதாலதான் உலகத்துக்குச் சாவு வந்தது எண்டு பேசும். அந்த மரம் வெக்கப்படக் கூடாதெண்டு பேரை மறைச்சவராம்." பிறகு சொன்னார், "அண்டைக்குப் பால் கஞ்சி கிண்டினது நீர்தான். எனக்கு அப்பவே தெரியும்."

அவ்வளவுதான். உருளைக்கிழங்கு மூட்டையை என் பக்கம் தள்ளிவிட்டுப் போனார்.

இப்போது டாண்டினோங்கில் ஒரு கேட்டரிங் குசினி என் பொறுப்பில் இருக்கிறது. இந்தக் கதையை எத்தனையோ பேருக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் போன வெள்ளிக்கிழமை... ஊரிலிருந்து படிக்க வந்த புதுப் பிள்ளை ஒருத்தி, சைவக் கலியாண ஓடருக்கு, கருவாட்டு மீன் போட்ட மாசிச் சம்பலை அள்ளி வைத்துவிட்டாள். நல்ல காலம், வேனில் ஏற்றுமுன் கண்டேன். "இது ஆர் செய்தது?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டேன். தெரிந்துகொண்டே கேட்டேன். பிறகு அவளுடைய பெயரையும் சொல்லிக் கத்தினேன்.

ஏப்ரனைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுப் போனவள், பிறகு வரவில்லை.

அன்று எனக்கு ஒரு ஹானா கிடைத்தார். இந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது நான்... வெட்கமாக இருக்கிறது.

நாலு தரம் அவளுக்குப் போன் எடுத்துவிட்டேன், பதில் இல்லை. "பிழை என்னில பிள்ளை, வாரும்" என்று மெசேஜும் போட்டிருக்கிறேன். அடுத்த கிழமைக்கான வேலை ரோஸ்டரில் வெள்ளிக்கிழமைக்கு நேரே அவளுடைய பெயரைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்.