கதவில் ஒட்டிய தவறுகள்

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கணினிப் பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். வேலை தேடுபவர்களையும் ஆள் தேடும் முதலாளிகளையும் பொருத்திப் பார்க்கும் நிரலை எழுதியவளும் அவளே. பொறுப்பாளர் அதற்குத் ‘தரகர்’ என்று பெயர் வைத்திருந்தார். காலையில் உள்ளே நுழையும்போதே, “தரகர் என்ன சொல்றார்?” என்பார்.

பேருந்து எஞ்சினைப் பழுது பார்ப்பவரைத் தரகர் பேருந்து ஓட்ட அனுப்பியபோது அலுவலகமே விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே திருத்தினாள். அக்கா வந்த அன்று சிரிப்பு நின்றது.

அக்கா ஆடை ஆலையில் தையல் மேற்பார்வையாளர்வரை உயர்ந்தவள். அம்மா படுத்த படுக்கையானதும் வேலையை விட்டு, கடைசி மூச்சுவரை கூட இருந்து பார்த்தவள். தங்கையிடம் சிபாரிசு கேட்கக் கூசி, சொல்லாமலே பதிந்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்திருக்கிறாள்.

“என்கூடப் பதிஞ்சவங்களை எல்லாம் கூப்பிட்டுட்டாங்க. என்னடி, என் பேரே உள்ளே இல்லையா?”

இருந்தது, அடிமட்டத்தில். வேலையில் இடைவெளி விழுந்தவர்களுக்குக் கைப்பழக்கம் போயிருக்கும் என்று தங்கை எழுதிய விதி அக்காவைக் கீழே தள்ளியிருந்தது.

“நீ அம்மாவைப் பார்த்துக்கிட்டதை நான் குறையா எழுதி வெச்சிருக்கேன்க்கா.”

அக்கா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

“சத்தமில்லாம மாத்திடும்மா. வெளியே தெரிஞ்சா நம்ம மானம் கப்பலேறிடும்” என்றார் பொறுப்பாளர்.

“எங்கக்காங்கறதால என்கிட்ட சண்டைக்கு வந்தா சார். மத்தவங்க யார்கிட்ட போவாங்க? கதவுல எழுதி ஒட்டிடறேன்.”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, “எழுத்துப்பிழை இல்லாம எழுது” என்றார்.

காத்திருப்பு அறைக் கதவில் அவள் ஒட்டினாள்: ‘இடைவெளி உள்ளவர்களை எங்கள் நிரல் தவறாகப் பின்னுக்குத் தள்ளியது. குறை உங்களுடையது அல்ல. விதியை நீக்கியிருக்கிறோம். வேறு தவறு கண்டால் உள்ளே வந்து சொல்லுங்கள்.’

முதலில் வந்ததெல்லாம் வசவுதான். “எனக்குத் துப்பில்லைன்னு வீட்ல தினம் பேச்சு வாங்கினேனே!” என்று ஒருவர் கத்தினார். அவள் எழுந்து நின்று கேட்டுக்கொண்டாள்.

விதியை நீக்கியதும் வேறொரு சிக்கல் முளைத்தது. நெடுநாள் வெல்டிங் தொடாத ஒருவரை நிரல் நேரே பெரிய கட்டுமான வேலைக்கு அனுப்ப, அவர் வேலை கைக்கு வராமல் திரும்பி வந்தார்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, பழகக் கொஞ்ச நாள் வேணும்னு சொல்லியிருப்பேனே.”

முதல் திருத்தமும் சரியில்லை என்று அதையும் கதவில் ஒட்டினாள். பொறுப்பாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். இந்த முறை நிரல் எதையும் ஊகிக்கவில்லை. பழகிக்கொள்ள நாள் வேண்டுமா என்று பதிய வருபவர்களையே கேட்டது. அந்தக் கேள்வியையும் சிலர் தப்பாகப் புரிந்துகொள்ள, மறுபடி மாற்றினாள். வேலை கிடைத்தவர்களின் எண்ணிக்கை மெல்லத்தான் ஏறியது. நடுவில் ஒருமுறை இறங்கவும் செய்தது. அதுவும் கதவுக்குப் போனது. வசைபாட வந்தவர்கள் போய், வழி சொல்ல வருபவர்கள் பெருகினார்கள்.

அக்கா தானே அலைந்து ஒரு திரைச்சீலைக் கடையில் வேலை தேடிக்கொண்டாள். ஒரு மாலை அலுவலகத்துக்கு வந்து, கதவில் இருந்ததை எல்லாம் நின்று படித்தாள்.

“இதை நான் பதிஞ்சப்பவே ஒட்டியிருந்தா, நான் இத்தனை நாள் என்னையே நொந்துக்கிட்டிருக்க மாட்டேன்.”

“ஆமாக்கா.”

தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டாள். அக்கா உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்தாள்.