நெற்றியில் குங்குமம் வைத்த டிஸ்க்

அந்த ஹார்ட் டிஸ்கின் நெற்றியில் குங்குமம் இருந்தது. நெற்றி என்பது கம்ப்யூட்டர் பழுது பார்க்க வரும் சர்வீஸ் அண்ணன் வைத்த பெயர். சின்ன காஞ்சிபுரத்தில், சேலை டிசைன்களைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து தறிக்குக் கொடுக்கும் கடையில் திருமணத்துக்கு முன் வேலை பார்த்தேன். ஆயுத பூஜையன்று தறி நாடா, மவுஸ், டிஸ்க் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து முதலாளியம்மா பொட்டு வைப்பார். முதல் வருடம் ஒயர் சொருகும் துளையிலேயே சந்தனம் அப்பிவிட்டார். அண்ணன் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டே, "வாயில வக்காதீங்கமா, நெத்தியில வையுங்க" என்றார். எல்லாரும் சிரித்தோம்.

அண்ணன் பக்கத்து ஊரான கூரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருவார். எங்கள் டிசைன் சாஃப்ட்வேர் பழையது. விற்றவர்கள் கடையை மூடிவிட்டார்கள், மறுபடி நிறுவ வழியில்லை. அதனால் வெறும் கோப்புகளை நகலெடுத்து வைத்தால் போதாது. இயங்குதளம், சாஃப்ட்வேர், அமைப்புகள் என சி டிரைவ் முழுவதையும் அப்படியே படியெடுத்து டிஸ்கில் வைக்க வேண்டும். ஆயுத பூஜையன்று யாரும் கம்ப்யூட்டரைத் தொடமாட்டோம் என்பதால் அவர் அதற்கு முந்தின நாள் படியெடுப்பார். எப்போது அதைத் திரும்ப ஏற்றினாலும் கம்ப்யூட்டர் அந்த நாளுக்கே போய்விடும். அதற்குப் பிறகு சி டிரைவில் வைத்தது எதுவும் மிஞ்சாது.

ஒரு தை மாதம் கம்ப்யூட்டர் திறக்கவே மறுத்தது. அண்ணன் டிஸ்கைச் சொருகிவிட்டு என்னைப் பார்த்தார்.

"டெஸ்க்டாப்புல ஏதாச்சும் வச்சிக்கினு இருக்கியாமா?"

வைத்திருந்தேன். ஒரு கல்யாணப் பெண்ணின் முகூர்த்தச் சேலைக்கு முந்தானை. பதினெட்டு நாள் வேலை. டெஸ்க்டாப்பில் வைப்பது சி டிரைவில்தான் போய்ச் சேரும்; வேலையை டி டிரைவில்தான் வைக்க வேண்டும் என்பது கடையின் கட்டளை. முந்தின வாரம்தான் முதலாளி அதற்காகத் திட்டியிருந்தார். அவர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"இல்லண்ணா."

"நல்லா யோசிமா. இருந்தா அரை மணி நேரத்துல தனியா எடுத்துக் குடுத்துட்றேன்."

"ஒண்ணும் இல்லண்ணா."

அவர் ஏற்றினார். கம்ப்யூட்டர் திறந்தது, சாஃப்ட்வேர் வந்தது. முந்தானை இல்லை. ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எப்படியாவது இருந்துவிடும் என்று நம்பியிருக்கலாம்.

மறுநாள் முதலாளி முந்தானையைக் கேட்டபோது, காணோம் என்றேன். எல்லாம் ஓடுகிறதா என்று பார்க்க வந்திருந்த அண்ணன் என்னை ஒருமுறை பார்த்தார்.

"கேட்டதோட விட்டுட்டேன், டெஸ்க்டாப்ப பாக்காம ஏத்திட்டேன் மொதலாளி. எந்தத் தப்பானாலும் எம்மேலதான்."

"இன்னாபா நீ! பொட்டு வச்ச டிஸ்க்குன்னு நம்புனா, இருந்ததையும் முழுங்கிட்டுப் போச்சே!"

அதன்பின் கடைக்கு அவரைக் கூப்பிடவில்லை. பதினோரு நாளில் முந்தானையை மீண்டும் வரைந்தேன். சேலை முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாரா, கேட்டதோடு நிற்காமல் தானே பார்த்திருக்க வேண்டும் என்று உண்மையிலேயே நினைத்தாரா? இரண்டாவதாக இருக்கட்டும் என்று சில நாள் தோன்றும். அது என் வசதிக்காகவோ என்னவோ.

இப்போது செவிலிமேட்டில் வீட்டிலிருந்தபடி அதே வேலை, வேறொரு கடைக்கு. போன வாரம் ஒரு காலையில் என் லேப்டாப் திறக்கவில்லை. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் படியெடுத்த டிஸ்க் என்னிடமும் உண்டு, பொட்டோடு. மாலைக்குள் ஒரு பார்டரை அனுப்ப வேண்டும். டிஸ்கைச் சொருகினேன். சி டிரைவில் உள்ள அனைத்தும் அழியும், தொடரலாமா என்று திரை கேட்டது.

பார்டர் டெஸ்க்டாப்பில் இருந்தது. பக்கத்திலேயே, பூஜைக்குப் பிறகு மகள் முதன்முதலாக நடந்த வீடியோவும். போனில் இடமில்லை என்று அங்கே அழித்திருந்தேன். முதலில் இவற்றைத் தனியே எடுக்க வேண்டும். தெரிந்தவர் யாராவது வந்தால்தான் முடியும், இன்று ஆகாது. டிஸ்கை ஏற்றிவிட்டால் பார்டரை மாலைக்குள் மறுபடி வரைந்துவிடலாம், யாருக்கும் தெரியாது. வீடியோவை வரைய முடியாது.

வேண்டாம் என்பதை அழுத்தினேன். கடை மேடத்துக்குப் போன் செய்தேன்.

"மேடம், டெஸ்க்டாப்புல வச்சிட்டேன். என் தப்புதான். நாளைக்குத்தான் குடுக்க முடியும்."

"சரிமா, நாளைக்கு மதியத்துக்குள்ள வந்துடணும்" என்றார். அவ்வளவுதான். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் இதை நான் சொல்லியிருக்க வேண்டியது இவரிடம் இல்லை, அன்று அண்ணன் எதிரில் அந்த முதலாளியிடம். டிஸ்கைக் கழற்றி வைத்தேன். மகள் அதன் நெற்றியைத் தேய்த்துவிட்டு, சிவந்த விரலை என்னிடம் நீட்டினாள்.